வேலூர் ஐடா ஸ்கடர் அம்மையார்: ஒரே ராத்திரியில் வந்த அழைப்பு



இந்த மாதம் வேதபாடத்துக்குப் பதிலாக ஒரு ஊழியக்காரியின் வாழ்க்கையை உங்கள் முன் வைக்கிறேன். நம்ம வல்லம் வடகாலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போய், பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே திரும்பினால் வாலாஜாபேட்டை, ராணிப்பேட்டை, பிறகு வேலூர். ஏறக்குறைய 100 கிலோமீட்டர். நம் சபையில் பாதிப் பேருக்கு அந்த வழி மனப்பாடம். எதற்காக என்று நான் சொல்லத் தேவையில்லை. கையில் எக்ஸ்ரே கவரும், மடியில் சாப்பாட்டு டப்பாவும், உள்ளத்தில் பயமுமாக அந்த பஸ்ஸில் போனவர்கள் நாம். நானும் நம் விசுவாசிகளோடு துணைக்குப் போய், அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் பல ராத்திரி உட்கார்ந்திருக்கிறேன்.

வேலூர் கல்லூரிகளின் ஊரும்கூட. மிஷனெரிமார் வளர்த்த ஊரிஸ் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. நம் தேசத்தின் ஜனாதிபதியாக இருந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் அதிலே படித்தவர். காட்பாடி பக்கத்தில் 1984-ல் ஆரம்பித்த வி.ஐ.டி. இன்று எங்கெங்கிருந்தோ பிள்ளைகளை இழுக்கிறது. தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்ட் 1946-ல் இந்த ஊருக்கு வந்து பல வருஷம் குடியிருந்தார். இப்படிப் பேர்பெற்றவர்கள் பலர் அங்கே வாழ்ந்திருக்கிறார்கள். ஆனால் வேலூர் என்ற பேரை உலகத்துக்கே தெரியவைத்தது ஒரு பெண்மணி. அவர்தான் டாக்டர் ஐடா சோபியா ஸ்கடர்.

ராணிப்பேட்டையில் பிறந்த பிள்ளை

1870-ஆம் வருஷம் டிசம்பர் 9-ஆம் தேதி ராணிப்பேட்டையில் ஐடா பிறந்தார். தகப்பனார் டாக்டர் ஜான் ஸ்கடர், தாயார் சோபியா. அமெரிக்கர்கள்தான், ஆனாலும் இந்த மண்ணுக்குப் புதியவர்கள் அல்ல. ஐடாவின் தாத்தாவான முதலாம் ஜான் ஸ்கடர் நியூயார்க்கில் நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்த டாக்டர். எல்லாவற்றையும் விட்டுவிட்டு 1819-ல் கப்பலேறி யாழ்ப்பாணம் வந்து ஊழியம் செய்தார். பிறகு சென்னைக்கு வந்தார். அவருடைய பிள்ளைகளும், பேரப்பிள்ளைகளும், அவர்களுக்குப் பின் வந்தவர்களுமாக நாலு தலைமுறையில் 40-க்கும் மேற்பட்டோர் மிஷனெரிகளானார்கள். ராணிப்பேட்டையில் இன்றும் ஸ்கடர் பேரில் ஆஸ்பத்திரி இருக்கிறது. அதை 1866-ல் ஆரம்பித்தவர் ஐடாவின் பெரியப்பா சைலஸ் ஸ்கடர்.

ஐடா சிறுமியாக இருந்தபோதுதான் 1876 முதல் 1878 வரை அந்தக் கொடிய பஞ்சம் வந்தது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பெரியவர்கள் சொல்வார்களே, அதுதான். ஆற்காட்டுப் பக்கமெல்லாம் ஜனங்கள் பசியில் விழுந்து மடிந்தார்கள். மிஷன் பங்களாவின் முற்றத்தில் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து ரொட்டி கொடுத்தார்கள். சில பிள்ளைகளுக்குக் கையைத் தூக்கவும் பெலன் இல்லை. ரொட்டியைப் பிட்டு அவர்கள் வாயில் வைக்கிற வேலை சின்ன ஐடாவுக்கு வந்தது. ஆறேழு வயசுப் பிள்ளை அது. அந்தக் காட்சி அவருடைய மனசிலிருந்து போகவே இல்லை.

வேண்டாம் என்று ஓடிய பெண்

அன்பானவர்களே, இப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்த பிள்ளை தானாகவே ஊழியத்துக்கு வந்துவிடும் என்று நாம் நினைப்போம். நடந்தது வேறு. பஞ்சத்துக்குப் பின் குடும்பம் அமெரிக்கா திரும்பியது. சில வருஷத்தில் தகப்பனார் மறுபடியும் இந்தியாவுக்குக் கிளம்பினார், தாயாரும் பின்னாலே போனார். ஐடாவை உறவினர் வீட்டில் விட்டுப் போனார்கள். தாயைப் பிரிந்து பிள்ளை அழுத அழுகை கொஞ்சமல்ல. இந்தியாதான் என் அப்பா அம்மாவை என்னிடமிருந்து பறித்தது என்ற கசப்பு உள்ளே தங்கிவிட்டது.

பிறகு மாசசூசெட்ஸ் மாகாணத்தில் நார்த்ஃபீல்டு என்ற இடத்தில் பெண்களுக்கான பள்ளியில் படித்தார். அதை நடத்தியவர் யார் தெரியுமா? நம் மேடைகளில் அடிக்கடி உதாரணம் சொல்லுகிற எழுப்புதல் பிரசங்கியார் டி.எல். மூடி. அவ்வளவு பெரிய தேவமனிதரின் பள்ளியில் படித்தும் ஐடா அசைந்து கொடுக்கவில்லை. விளையாட்டும் குறும்புமாகத் திரிந்தார். பட்டம் வாங்கணும், நல்ல இடத்தில் கல்யாணம் பண்ணணும், அமெரிக்காவில் வசதியாக வாழணும். அவ்வளவுதான் அவருடைய திட்டம். வெயிலும் தூசியும் வியாதியும் நிறைந்த இந்தியா வேண்டவே வேண்டாம் என்பதில் உறுதியாக இருந்தார்.

1890-ல் தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி வந்தது. பெற்றோர் அப்போது திண்டிவனத்தில் இருந்தார்கள். தாயாரைப் பார்த்துக்கொண்டு, கொஞ்ச காலம் இருந்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தோடு ஐடா வந்து இறங்கினார்.

திண்டிவனத்தில் ஒரு ராத்திரி

நம்ம ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள்கோவில் போய்த் தெற்கே திரும்பினால் நேராகத் திண்டிவனம். அங்கேதான் கர்த்தர் அந்தப் பெண்ணைச் சந்தித்தார்.

ஒரு ராத்திரி ஐடா தன் அறையில் இருந்தபோது கதவு தட்டப்பட்டது. வெளியே ஒரு பிராமண வாலிபர். அவருடைய மனைவி, சின்ன வயசுப் பெண், பிரசவ வேதனையில் துடிக்கிறாள். மருத்துவச்சியால் ஒன்றும் முடியவில்லை. உதவிக்கு வரவேண்டும் என்று கெஞ்சினார். ஐடா, நான் டாக்டர் இல்லை, என் அப்பாதான் டாக்டர், அவரை அழைத்துப் போங்கள் என்றார். அந்த வாலிபர் மறுத்துவிட்டார். அந்நிய ஆண் தன் வீட்டுப் பெண்ணைத் தொடுவதை அவர்களுடைய வழக்கம் ஒத்துக்கொள்ளாது. தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கதவு தட்டும் சத்தம். இந்த முறை வந்தவர் ஒரு இஸ்லாமியர். அவர் வீட்டிலும் அதே பிரசவக் கஷ்டம். தகப்பனாரும் கூட வந்து, நானே வருகிறேன் என்று சொல்லிப் பார்த்தார். வேண்டாம் என்று அவரும் போய்விட்டார். மூன்றாவது முறையும் கதவு தட்டப்பட்டது. வேறொரு உயர்சாதி இந்து. அதே வேண்டுதல், அதே பதில்.

அந்த ராத்திரி ஐடா தூங்கவில்லை. முழங்காலில் நின்றார். உள்ளத்துக்குள்ளே பெரிய போராட்டம். அமெரிக்காவில் காத்திருக்கிற சுகவாழ்வு ஒரு பக்கம், கதவைத் தட்டின மூன்று பேரின் முகம் மறுபக்கம். விடிந்ததும் சாவு மேளச் சத்தம் கேட்டது. ஆள் அனுப்பி விசாரித்தார். அந்த மூன்று பெண்களும் ராத்திரியே இறந்துபோயிருந்தார்கள்.

சிறுவன் சாமுவேலை ஆண்டவர் மூன்று முறை கூப்பிட்டும் யார் கூப்பிடுகிறது என்று அவனுக்குத் தெரியவில்லை (1 சாமுவேல் 3). ஐடாவுக்கும் அந்த மூன்று தட்டுதலும் யாருடைய சத்தம் என்று விடிந்த பிறகே தெரிந்தது. பெற்றோரிடம் போய், நான் அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்துவிட்டுத் திரும்பி வருவேன், இந்த தேசத்துப் பெண்களுக்காக வருவேன் என்று தன் தீர்மானத்தைச் சொல்லிவிட்டார்.

சபையாரே, ஒரு காரியத்தைக் கவனியுங்கள். அந்த மூன்று பெண்களும் ஊரில் டாக்டர் இல்லாமல் சாகவில்லை. அதே வீட்டில், அடுத்த அறையிலேயே நல்ல டாக்டர் இருந்தார். ஒரு பெண் டாக்டர் இல்லாததால் செத்தார்கள். இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

படிப்பும் பத்தாயிரம் டாலரும்

1895-ல் பிலடெல்பியாவில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியில் ஐடா சேர்ந்தார். நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரி 1898-ல் திறந்தபோது பெண்களையும் எடுத்தார்கள். கடைசி வருஷத்துக்கு அங்கே மாறி, 1899-ல் டாக்டராக வெளியே வந்தார். கார்னெலில் பட்டம் வாங்கின முதல் பெண்களில் அவரும் ஒருவர்.

புறப்படுமுன் மிஷன் ஒரு பொறுப்பைக் கொடுத்தது. வேலூரில் பெண்களுக்கு ஆஸ்பத்திரி கட்ட 8,000 டாலர் வேண்டும், சேர்த்துக்கொண்டு போ என்றார்கள். நாளோ குறைவு, கையில் வந்ததும் குறைவு. ஒருநாள் ஒரு சகோதரியின் வீட்டுக்குப் போய் வேலூரின் தேவையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த அறையில் இருந்தவர் ஷெல் என்ற வயதான பேங்க் முதலாளி. உள்ளே பேசினது எல்லாம் அவர் காதில் விழுந்தது. அவர் ஐடாவைக் கூப்பிட்டு விவரம் விசாரித்தார். மரித்துப்போன தன் மனைவியின் ஞாபகமாக 10,000 டாலர் கொடுத்தார். கேட்டது எட்டு, வந்தது பத்து! ஸ்தோத்திரம்!

ஒரே கட்டிலோடு ஆரம்பம்

1900-ஆம் வருஷம் பிறந்தபோது ஐடா வேலூரில் இருந்தார். நார்த்ஃபீல்டில் கூடப் படித்த சிநேகிதி ஆனி ஹான்காக் வீடு வீடாகப் போய் பெண்களைச் சந்திக்கிற ஊழியத்துக்காகக் கூடவே வந்தார். தகப்பனாருடைய அனுபவத்தைக் கூட இருந்து கற்றுக்கொள்ளலாம் என்று ஐடா எண்ணியிருந்தார். ஆனால் அந்த வருஷம் மே மாதத்திலேயே தகப்பனார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். புதிதாய்ப் படித்து வந்த ஒரு பெண், தனியாக. ஜனங்கள் நம்புவார்களா? முதலில் யாருமே வரவில்லை என்றுதான் சொல்லணும்.

தகப்பனாரின் பங்களாவில் ஒரு சின்ன அறை, ஒரே ஒரு கட்டில். அதுதான் ஆஸ்பத்திரி. அங்கே சமையல் பார்த்தவரின் மனைவி சலோமிதான் முதல் உதவியாள். மெள்ள மெள்ளப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். ஒரு வீட்டில் பிரசவம் நல்லபடி முடிந்தால் பத்து வீட்டுக்குச் செய்தி போகும் அல்லவா? இரண்டு வருஷத்தில் ஏறக்குறைய 5,000 பேருக்கு வைத்தியம் பார்த்தார். 1902-ல் 40 கட்டில்களோடு மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது.

புளியமரத்தடி வைத்தியம்

ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்கள் கிராமங்களில் இருந்தார்கள். அவர்கள் வரட்டும் என்று ஐடா காத்திருக்கவில்லை. குடியாத்தம் ரோட்டில் வாரம் ஒருநாள் மருந்துப் பெட்டியோடு கிளம்புவார். முதலில் மாட்டு வண்டியில் போனார். 1909-ல் ஒரு சின்ன பிரெஞ்சு மோட்டார் கார் வந்தது. அந்தக் காலத்தில் மாடும் குதிரையும் இல்லாமல் புகை விட்டுக்கொண்டு ஓடுகிற வண்டியைக் கண்டு ஜனங்கள் வயலுக்குள் ஓடினார்களாம்! பிறகு அதே வண்டிக்கு மாலை போட்டார்கள்.

இன்ன ஊரில் இன்ன மரத்தடியில் நிறுத்துவார் என்று எல்லாருக்கும் தெரியும். அங்கே விடியற்காலையிலிருந்தே கூட்டம் உட்கார்ந்திருக்கும். கண்வலி, சீழ் பிடித்த புண், காய்ச்சல், பல்வலி எல்லாம் வரும். கட்டியைக் கீறிவிடுவதும், மருந்தை பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பதும், கட்டுப் போடுவதும் அந்த மரத்தடியிலேயே நடக்கும். ஊருக்கு வெளியே தள்ளி வைக்கப்பட்ட தொழுநோயாளிகளும் வழியில் காத்திருப்பார்கள். யாரும் தொடப் பயந்தவர்களை அவர் தொட்டுக் கட்டுப் போட்டார். நம் ஆண்டவர் செய்ததும் அதுதானே! (மத்தேயு 8:3) இன்றைக்கு கிராமத்துக்கே வண்டியில் போய் மருத்துவம் பார்க்கிறோம் என்று பெருமையாகச் சொல்லுகிறார்கள். நூறு வருஷத்துக்கு முன்னாலேயே நம் வட ஆற்காட்டு ரோட்டில் இது நடந்தது.

பதினாலு பேரும் பாஸ்

இப்போது நான் சொல்லப்போவதுதான் இந்த வாழ்க்கையின் முக்கியமான இடம். ஓய்வில்லாமல் உழைத்தும் ஐடா ஒன்றைக் கண்டுகொண்டார். ஒரு ஆள் எத்தனை வீட்டுக்குப் போக முடியும்? ஒரு வீட்டில் கையைக் கழுவுவதற்குள் இன்னும் மூன்று வீட்டில் பெண்கள் சாகிறார்கள். திண்டிவனத்து ராத்திரி ஊருக்கு ஊர் தினமும் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்காவிலிருந்து நூறு டாக்டர் வந்தாலும் போதாது. இந்த மண்ணின் பெண்களே படிக்கவேண்டும், இந்த பாஷை பேசுகிறவர்களே டாக்டர் ஆகவேண்டும் என்று தீர்மானித்தார்.

முதலில் 1909-ல் டீலியா ஹவுட்டன் என்ற சகோதரியைக் கொண்டு நர்சுகளுக்கான பள்ளியை ஆரம்பித்தார். அந்த நாளில் கௌரவமான குடும்பத்துப் பெண் நர்ஸ் வேலைக்குப் போவதா என்று முகம் சுளித்தார்கள். கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்கள் முதலாவது துணிந்து வந்தார்கள். நம் சபைகளில் இன்று இத்தனை நர்ஸ் சகோதரிகள் இருக்கிறார்களே, அந்த வழியைத் திறந்தவர்கள் இவர்கள்.

பிறகு டாக்டர் படிப்பு. சென்னை மாகாணத்து மருத்துவ அதிகாரிக்கு நம்பிக்கை வரவில்லை. ஆறு பெண்கள் சேர்ந்தால் ஆரம்பித்துப் பாருங்கள், ஆனால் பரீட்சையில் ஆண்களே ஐந்தில் ஒருவர்தான் தேறுகிறார்கள், பெண்களிடம் அதிகம் எதிர்பார்க்காதீர்கள் என்றார். 1918-ஆம் வருஷம் ஆகஸ்ட் 12-ஆம் தேதி கவர்னர் பென்ட்லண்ட் பிரபு பள்ளியைத் திறந்துவைத்தார். பெரிய கட்டடம் இல்லை, ஆசிரியர் பட்டாளம் இல்லை. கொஞ்சம் எலும்புகள், ஒரு மைக்ராஸ்கோப், சில புஸ்தகங்கள். ஐடாவே நின்று பாடம் எடுத்தார். பகலில் ஆபரேஷன், ராத்திரியில் மறுநாள் பாடத்துக்குத் தயாரிப்பு.

வருஷப் பரீட்சை வந்தது. மாகாணம் முழுவதும் எழுதிய ஆண்களில் ஐந்தில் ஒருவர் பாஸ். வேலூரிலிருந்து போன பெண்கள் 14 பேர். பதினாலு பேரும் பாஸ்! அல்லேலூயா! 1922-ல் அந்தப் பெண்கள் டாக்டர்களாக வெளியே வந்தார்கள். திண்டிவனத்தில் கதவு தட்டப்பட்டபோது இல்லாத ஆள், இப்போது பதினாலு பேராக நின்றார்கள்.

எழுபது வயதில் ஒரு சோதனை

ஊழியம் வளர்ந்தது. தோட்டப்பாளையத்தில் பெரிய ஆஸ்பத்திரி எழும்பியது, பாகாயத்தில் மலையோரமாகக் கல்லூரிக்கு 200 ஏக்கர் கிடைத்தது. எல்லாம் நிலைத்தது என்று நினைத்த நேரத்தில் புயல் வந்தது. 1937-ல் சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் மந்திரிசபை அமைந்தது. அதற்குப் பின் மருத்துவப் படிப்பின் சட்டம் மாறியது. வேலூரில் கொடுத்துவந்த எல்.எம்.பி. படிப்பு இனி செல்லாது, பல்கலைக்கழகத்தின் எம்.பி.பி.எஸ். மட்டும்தான் என்றார்கள். அதற்கு மேல்படிப்புப் படித்த பேராசிரியர்கள், ஆய்வுக்கூடங்கள், இன்னும் நிறையக் கட்டில்கள் வேண்டும். இல்லாவிட்டால் மூடவேண்டியதுதான்.

ஐடாவுக்கு வயசு எழுபது. ஓய்வெடுக்கிற வயசு. உலக யுத்தம் வேறு நடந்துகொண்டிருந்தது. 1941-ல் கப்பலேறி அமெரிக்கா போனார். யுத்த வருஷங்களில் ஊர் ஊராகச் சபை சபையாகப் போய் வேலூருக்காகக் கையேந்தினார்.

சோதனை பணத்தில் மட்டும் வரவில்லை. பல மிஷன்கள் சேர்ந்து உதவி செய்யவேண்டுமானால் ஆண்களையும் சேர்க்கவேண்டும் என்ற பேச்சு எழுந்தது. பெண்களுக்கென்றே கட்டின கல்லூரி அது. வருஷக்கணக்காகப் பணம் திரட்டிக் கொடுத்த லூசி பீபாடி அம்மையார், இது பெண்களுக்கு மட்டும்தான் இருக்கணும் என்று உறுதியாக நின்றார். ஐடா தவித்துப்போனார். பழைய சிநேகிதிகளை இழப்பதா, கல்லூரியை இழப்பதா? ஜெபத்தோடு, கனத்த இருதயத்தோடு, இரு பாலாரும் படிக்கட்டும் என்று ஒத்துக்கொண்டார். தன் சொந்த எண்ணத்தையும் சிநேகிதத்தையும் பலிபீடத்தில் வைத்தார் என்றே சொல்லுவேன். 1942-ல் எம்.பி.பி.எஸ். தொடங்க அனுமதி கிடைத்தது. 1947-ல் முதல் ஆண் மாணவர்கள் சேர்ந்தார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1946-ல் ஐடா பொறுப்பிலிருந்து விலகினார். அவருக்குப் பின் தலைமைக்கு வந்தவர் டாக்டர் ஹில்டா லாசரஸ், நம் தேசத்துப் பெண்மணி. தன் நாற்காலியைத் தான் உயிரோடு இருக்கும்போதே அடுத்தவருக்குக் கொடுப்பது எத்தனை ஊழியக்காரருக்கு முடிகிறது? நான் முதலாவது என்னைத்தான் கேட்டுக்கொள்கிறேன்.

ஓட்டம் முடிந்தது

கடைசி வருஷங்களைக் கொடைக்கானலில் கழித்தார். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, பிள்ளை குட்டி இல்லை. ஆனால் தேசமெங்கும் அவருக்குப் பிள்ளைகள் இருந்தார்கள். டாக்டர் ஐடா, இந்தியா என்று மட்டும் விலாசம் எழுதின ஒரு கடிதம் சரியாக அவர் கைக்கு வந்து சேர்ந்ததாம். 1960-ஆம் வருஷம் மே 24-ஆம் தேதி, 89-ஆம் வயதில், கொடைக்கானலில் கர்த்தருடைய சமுகத்துக்குள் பிரவேசித்தார்.

அவர் போன பின்பும் வேலை நிற்கவில்லை. 1961-ல் திறந்த இருதய ஆபரேஷன், 1971-ல் சிறுநீரக மாற்று ஆபரேஷன் என்று தேசத்துக்கே முன்னோடியான காரியங்கள் அங்கே நடந்தன. ஒரு கட்டிலோடு ஆரம்பித்த இடத்தில் இன்று 3,000-க்கும் மேல் கட்டில்கள். 2022-ல் ராணிப்பேட்டைப் பக்கம் நெடுஞ்சாலையோரமாக இன்னொரு பெரிய ஆஸ்பத்திரியும் திறந்தார்கள். அந்தப் பிள்ளை பிறந்த ஊருக்கே அது திரும்பி வந்திருக்கிறது, பாருங்கள்!

நமக்கு என்ன செய்தி?

பிரியமானவர்களே, நம் பெந்தெகொஸ்தே சபைகளில் ஒரு கேள்வி எப்போதும் உண்டு. ஆஸ்பத்திரிக்குப் போவது அவிசுவாசமா? தெய்வீக சுகத்தை நான் விசுவாசிக்கிறேன், பிரசங்கிக்கிறேன். கைவிட்ட வியாதிகளைக் கர்த்தர் சுகமாக்கினதைக் கண்ணாரக் கண்டிருக்கிறேன். அதே சமயம், மார்பில் கட்டியை மறைத்து மறைத்து வைத்து, ஜனங்கள் என்ன சொல்வார்களோ, பாஸ்டர் என்ன சொல்வாரோ என்று பயந்து, முற்றிப்போன பின் வாய் திறந்த சகோதரியின் படுக்கையண்டையிலும் நின்றிருக்கிறேன். அது விசுவாசம் அல்ல, பயம். லூக்காவை பிரியமான வைத்தியன் என்றே பவுல் அழைக்கிறார் (கொலோசெயர் 4:14).

ஐடாவின் வாழ்க்கை இந்தக் கேள்விக்கு அருமையான பதில். அந்த ராத்திரி அவர் ஜெபித்தார். அந்த ஜெபத்துக்குப் பதில் எப்படி வந்தது? வெளிச்சமாக வரவில்லை, தரிசனமாக வரவில்லை. நாலு வருஷம் மருத்துவப் படிப்பாக வந்தது! சில ஜெபங்களுக்குக் கர்த்தர் ஒரு ஆளைப் பதிலாக அனுப்புகிறார். அந்த ஆள் போகாவிட்டால், படிக்காவிட்டால், மூன்று வீட்டில் சாவு மேளம் கேட்கும். முழங்காலில் நிற்கிறவரும் வேண்டும், கத்தியைப் பிடிக்கிறவரும் வேண்டும். ஐடா அம்மையார் இரண்டையும் ஒரே ஆளாகச் செய்தார்.

நம்ம ஊரை யோசித்துப் பாருங்கள். ஒரு காலத்தில் ஏரியும் வயலுமாக இருந்த வல்லம் வடகால் இன்று கம்பெனிகளின் ஊர். 2024 ஆகஸ்டில் இங்கே திறந்த சிப்காட் குடியிருப்பில் மட்டும் 18,720 பேர் தங்க இடம் உண்டு. வேலை செய்யும் பெண் பிள்ளைகளுக்காகவே கட்டினது. திண்டிவனம், திருவண்ணாமலை, குடியாத்தம் என்று தூரத்து ஊர்களிலிருந்து பிள்ளைகள் இங்கே வந்திருக்கிறார்கள். ஷிப்டு முடிந்து அறைக்கு வந்தபின், உடம்புக்கு ஒன்று என்றால் அம்மா பக்கத்தில் இல்லை. சொல்ல வெட்கப்படுகிற பெண் வியாதிகளை யாரிடம் சொல்லுவார்கள்? நம் சபைச் சகோதரிகள் அவர்களோடு பேசலாம், ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போகலாம். அவர்கள் எந்த மதமாக இருந்தாலும் போகலாம். திண்டிவனத்தில் கதவைத் தட்டின மூன்று பேரில் ஒருவரும் கிறிஸ்தவர் அல்ல. ஐடா தன் வாழ்நாளையே அவர்களுக்காகத்தான் கொடுத்தார்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. நல்ல மார்க் எடுத்த மகளை, பிளஸ் டூ முடிந்ததும் படிப்பை நிறுத்தி, சம்பளம் வருதே என்று உடனே வேலைக்கு அனுப்புகிறோம். குடும்பக் கஷ்டம் எனக்குத் தெரியும். வேலைக்குப் போவது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்குள் ஒரு நர்சையோ டாக்டரையோ கர்த்தர் வைத்திருந்தால்? பையனுக்குக் கடன் வாங்கிப் படிக்க வைக்கிறோம், பெண் பிள்ளைக்கு ஏன் தயங்குகிறோம்? அந்த பதினாலு பெண்களின் தகப்பன்மாரும் 1918-ல் ஊர்ப் பேச்சைக் கேட்டு வீட்டில் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஆகவே நம் சபையில் இந்த வருஷம் பிளஸ் டூ படிக்கிற பெண் பிள்ளைகளின் பேரை எனக்கு எழுதிக் கொடுங்கள். நர்சிங், மருத்துவம், ஆய்வுக்கூடப் படிப்பு எதற்கு யாருக்கு ஆசை என்று கேட்போம். ஜெபிப்போம், முடிந்த காணிக்கையைப் படிப்புக்கென்று ஒதுக்குவோம். வாலிப சகோதரிகளே, உங்கள் கதவையும் யாரோ தட்டிக்கொண்டிருக்கலாம். அது யாருடைய சத்தம் என்று முழங்காலில் நின்று கேளுங்கள்.

கர்த்தர் தாமே இந்த வாழ்க்கையின் மூலம் நம்மோடு பேசுவாராக. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் சபை ஊழியன்